டூர் போடும் அண்ணன்

அத்திப்பட்டில் கோடை வந்துவிட்டதற்கு இரண்டு அறிகுறிகள். மொட்டை மாடியில் ராத்திரி பத்து மணிக்கும் வெறுங்காலை வைக்க முடியாது. டூர் போடும் அண்ணன் வசூலை முடுக்கிவிடுவார். ஆள் உள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவராக இருக்கலாம். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டலாம். மீஞ்சூரில் செல்போன் கடைகூட வைத்திருக்கலாம். தொழில் எதுவானாலும் குணம் ஒன்றுதான். பொங்கல் கழிந்ததும் தலைக்கு மாதம் ஐந்நூறு என்று சீட்டுப் பணம் மாதிரி வாங்கத் தொடங்குவார். கத்திரி வெயிலில் ஒரு வேன் நிறைய சனத்தை ஊட்டியில் கொண்டுபோய் இறக்கினால்தான் அவருக்குத் தூக்கம்.

"இன்னாக்கா, இந்த மாசத் துட்டு இன்னும் வர்ல? அப்பறம் கடைசி சீட்டுதான், சொல்ட்டேன்."

கடைசி சீட்டு என்றால் அரிசி மூட்டைக்கும் அண்டாவுக்கும் நடுவே கிடைக்கிற இடம்.

இந்த வகையறாவுக்கு முன்னோடி ஒரு வெள்ளைக்காரர். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். குளிரில் சொக்கிப்போய் 1822இல் அங்கே கல் வீடு கட்டத் தொடங்கினார், ஏரி அமைத்தார், சீமைக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார். பிறகு மெட்ராஸ் அரசாங்கமே கோடை வந்தால் பைல்களைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பிவிடும். அந்த டூருக்கு வரியாகச் சந்தா கட்டியவர்கள் கீழே வெயிலில் கிடந்தார்கள். அவர்களுக்குக் கடைசி சீட்டுகூடக் கிடைக்கவில்லை. அந்த விதத்தில் நம் அண்ணன் கவர்னர்களைவிட யோக்கியர்.

ஆனால் கவர்னர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி அவருக்கு உண்டு: இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. அண்ணன் முன்கூட்டியே பாஸ் எடுத்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. கிளம்புகிற அன்று சாயங்காலம் வேன்காரர் போன் செய்து, "அந்த வண்டிக்கு கியர் பாக்ஸ் போச்சு, வேற வண்டி அனுப்பறேன்" என்பார். கல்லாறு சோதனைச் சாவடியில் விடியற்காலையில் இது வெளிப்படும்.

"சார், ஆளுங்க அதே ஆளுங்கதான் சார், வண்டி மட்டும்தான் வேற."

"பாஸே வண்டிக்குத்தாங்க."

அக்கா மகன் ஒருவன் சிக்னல் தேடிச் சாலையோரம் கையைத் தூக்கிக்கொண்டு நடக்க, புதுப் பாஸ் வருவதற்குள் வேனில் பாதிப்பேர் டீ குடித்து முடித்திருப்பார்கள். அடுத்தது பர்லியாறு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை. மீஞ்சூரில் மொத்த விலைக்கு வாங்கிய தண்ணீர் பாட்டில்கள் அங்கேயே இறங்கிவிடும். சிப்ஸ் பாக்கெட்டுகள் மட்டும் யாரோ ஒரு பெரியம்மாவின் மடியில் புடவைக்குள் அடைக்கலமாகிப் பத்திரமாக மலையேறும்.

குன்னூர் வரைக்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அண்ணன் எல்லோருக்கும் எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டு, முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து கைடு ஆகிவிடுவார். மலை ரயிலுக்கு ஏன் டிக்கெட் போடவில்லை என்று யாராவது கேட்டால் பதில் தயார்: "மேட்டுப்பாளையத்திலேர்ந்து நாப்பத்தாறு கிலோமீட்டர் போவ அஞ்சு மணி நேரம் ஆக்குவான்மா. நம்ம கும்மிடிப்பூண்டி வண்டிகூட அதவிட ஸ்பீடு." 1908இல் ஊட்டியைத் தொட்ட, பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிற, யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ரயில் அது. டிக்கெட் எப்போதோ தீர்ந்துபோனதை மட்டும் அவர் சொல்லமாட்டார். ரயிலுக்குப் பதிலாகக் கேத்தி ஸ்டேஷனில் வேனை நிறுத்தி, அங்கே எடுத்த 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சியைச் சருவப் பானையோடு நடித்துக் காட்டுவார். குழந்தைகள் சிரிக்கும், நாற்பது தாண்டியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

தாவரவியல் பூங்காவில் கல்லாகிப்போன ஒரு மரத்தண்டு இருக்கிறது. வயது இரண்டு கோடி ஆண்டு என்று எழுதியிருக்கும். எல்லோரும் செல்ஃபி எடுக்க, அண்ணன் அதைத் தொழில்முறைப் பார்வை பார்ப்பார். "இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா நல்ல கரி ஆயிருக்கும்." புவியியல் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் கன்வேயரில் நிலக்கரி ஓடுவதைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர் வாயில் வேறென்ன வரும்?

மின்சார விஷயத்தில் அவருடைய பெருமையே தனி. ஊட்டியில் எந்த பல்பு எரிந்தாலும் "நம்மூரு கரண்டு" என்பார். ஒருமுறை பைக்காரா பக்கத்து டீக்கடைக்காரர் இதைப் பொறுக்காமல், "எங்க பைக்காரா பவர் ஹவுஸ் 1932லயே ஓடுச்சுங்க" என்றுவிட்டார்.

"எத்தினி மெகாவாட்டு?"

"அறுவதுக்குக் கொஞ்சம் கம்மி."

"எங்களுது முதல் ஸ்டேஜே அறுநூத்தி முப்பது. ரெண்டாவது ஆயிரத்தி எரநூறு."

"இருக்கட்டுங்க. இங்க கொடியில போட்ட வேட்டி வெள்ளையாவே காயும்."

அண்ணன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்.

ராத்திரிதான் உண்மையான கூத்து. வெயிலுக்குத் தப்பி வந்த கூட்டம், திபெத்தியர் கடைத்தெருவில் வாங்கிய ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகச் சமையல் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இத்தனைக்கும் அந்த மலையும் முன்னே மாதிரி இல்லை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டி வெயில் 29 டிகிரியைத் தொட்டது. அங்கே பல லாட்ஜுகளில் மின்விசிறி மாட்டக் கொக்கியே கிடையாது. அந்தச் சீசனில் கூட வந்த ஒருவர், குளிரே இல்லை, பாதித் துட்டைத் திருப்பிக் கொடு என்று சண்டைக்கு நின்றார்.

அடுப்பில் வேகிறது நெத்திலிக் கருவாடு. வாசனை மாடி ஏறியதும் லாட்ஜ் மேனேஜர் கதவைத் தட்டுவார். ரூமில் சமைக்கக்கூடாது என்ற போர்டைக் காட்டுவார். அண்ணன் வாதாட மாட்டார். "உள்ள வா சார், குளுருக்கு எதமா இருக்கும்" என்று ஒரு தட்டை நீட்டுவார். சட்டம் ஒழுங்கு அத்தோடு நிலைநாட்டப்படும்.

இவ்வளவும் செய்கிறவர் ஏரியில் ஒரு தடவைகூடப் படகு ஏறியதில்லை. எல்லோருடைய செருப்பு, பை, தூங்குகிற கைக்குழந்தை ஆகியவற்றோடு கரையில் உட்கார்ந்து தலை எண்ணிக்கொண்டிருப்பார். திரும்புகையில் சீசன் ஒருவழிப்பாதை என்று கோத்தகிரி வழியாக விடுவார்கள். கூடுதலாகக் குடித்த டீசலும் அவர் கணக்கிலேயே ஏறும்.

மறுநாள் காலை அத்திப்பட்டு புதுநகரில் வேன் நின்று கதவு திறப்பதற்குள் பாக்கிக் கணக்கு ஆரம்பித்துவிடும்.

"எண்ணா, ஏறறதும் வாந்தி, எறங்கறதும் வாந்தி. மூணு வேள நான் சாப்புடவே இல்ல. அதக் கய்ச்சிக்க."

அண்ணன் மறுபேச்சில்லாமல் கழித்துக்கொண்டார். கழித்த கையோடு, தீர்த்துவிட்ட எலுமிச்சம்பழம் பன்னிரண்டுக்கு அந்த அக்கா பேரில் தனியாக எழுதிக்கொண்டார்.