கோட்டைக்குள் எங்கள் வீடு

என் சின்ன வயதில், காலிக் கோட்டைக்குள் குடியிருப்பதை யாரும் வசதி என்று சொன்னதில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தடித்த சுவர்கள், பவளக்கல்லும் சுண்ணாம்பும். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஓட்டுக்கூரை நாலு இடத்தில் ஒழுகும். கையில் காசு சேர்ந்தவர்கள் கொழும்புக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு வாழ்க்கை விறாந்தையில்தான். உம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் அங்கே உட்கார்ந்து பீரலு லேஸ் பின்னுவார்கள். வாப்பா மாணிக்கக்கல் பொட்டலத்தை விரித்து விலை பேசுவதும் அங்கேதான். அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் நாங்கள் பட்டத்தோடு கொத்தளத்துக்கு ஓடுவோம்.

1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் எதைத் திருத்தவும் அனுமதி வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை நான் இன்றும் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் கோட்டை முழுக்கக் கொங்கிரீட் மாடிகள் எழுந்திருக்கும். என் மனக்குறை வேறு. கூரை மாற்ற வாப்பா விண்ணப்பத்தோடு அலைந்த அதே தெருவில், வீடு வாங்கி வந்தவர்கள் நடுமுற்றத்தைத் தோண்டி நீச்சல் குளம் கட்டினார்கள். அவர்களுக்காக வரைபடம் போட ஒருவர், அலுவலகம் ஏறி இறங்கச் சட்டத்தரணி ஒருவர். வாப்பா ஒவ்வொரு மழைக்கும் தறப்பாள் கட்டினார்.

வெளிநாட்டவர் காணி வாங்கும்போது கட்டவேண்டிய 100 வீத வரியை 2002இல் அரசு நீக்கியது. 2004இல் திரும்ப விதித்தது. அதற்குள் தெருத் தெருவாக உறுதிகள் கைமாறிவிட்டன. விற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குமர் இருந்த வீடு, கடன் இருந்த வீடு. கனவிலும் கேட்டறியாத தொகையை ஒருவர் எதிரில் வைத்தால் என்ன செய்வார்கள்?

பழைய நியூ ஓரியன்டல் ஹோட்டல் இன்று அமன்கல்லா. சட்டத்தரணிகளின் கந்தோர்களும் மளிகைக் கடைகளும் இருந்த தெருக்களில் நகைக்கடை, காப்பிக்கடை, விருந்தினர் விடுதி. மீரான் பள்ளியில் பாங்கு கேட்கிறது. வெளியே குடிபோன என் கூட்டாளிகள் ஜும்ஆவுக்கு முச்சக்கர வண்டியில் வந்து இறங்குகிறார்கள்.

வீட்டு முகப்பைக் காக்கும் விதியில் குடியிருப்பவரைக் காக்கவும் ஒரு பிரிவு வேண்டும். பழைய குடிகளுக்குத் திருத்த வேலைக்கான உதவிப்பணம் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். புதிய ஹோட்டலுக்கு அனுமதி கொடுக்குமுன் அந்தத் தெருவாரிடம் கேட்க வேண்டும்.

அதுவரை, கோட்டையில் இன்னும் வீடு வைத்திருக்கும் என் சொந்தங்களே, பணமுடை வந்தால் குத்தகைக்குக் கொடுங்கள். உறுதியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.