கீறலா, ஒட்டா?

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே இசைத்தட்டில் கேட்கும் பிழைகள் பற்றியவை.

அப்பா மைக் செட் வைத்திருந்தார். அவர் விட்டுப்போன எல்.பி. ஒன்றில் 'டிக் டிக்' என்று சத்தம். பதிவிலேயே உள்ள கோளாறா, எங்கள் வீட்டில் விழுந்த கீறலா? (குலசேகரம் வாசகர்)

தூசியைத் துடைத்துவிட்டு வாட்சைக் கையில் எடுங்கள். எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 'டிக்' அந்த இடைவெளி மாறாமல் வந்தால் கீறல். பல வரிகளைக் குறுக்கே கிழித்திருக்கிறது, ஊசி சுற்றுக்கு ஒரு தடவை அதில் தடுக்குகிறது. 45 தட்டில் இது 1.3 விநாடி, 78 தட்டில் முக்கால் விநாடி. அப்படியில்லாமல் பாட்டின் நடுவே ஒரே ஒரு தடவை சத்தம் வந்து, அந்த இடத்தில் பின்னணி இரைச்சலோ குரலின் தூரமோ சட்டென்று மாறினால், ஸ்டுடியோவில் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய இடமாக இருக்கலாம். கீறல், உங்கள் அப்பா தட்டைச் சுழலவிட்ட கோயில் கொடை விழாக்களின் கணக்கு. ஒட்டு, பாட்டின் பிறப்புக் கணக்கு. இரண்டும் எனக்கு முக்கியம்.

பாட்டு தொடங்கும் முன்பே அதே பாட்டு மெல்லக் கேட்கிறது. வீட்டம்மை பேய் என்கிறாள். (இரணியல் வாசகர்)

பேய் இல்லை, பக்கத்து வரி! மூலத்தட்டில் சத்தமான வரியை வெட்டும்போது, அதற்கு முந்தைய மௌன வரியின் சுவரும் கொஞ்சம் நெளிகிறது. ஆகவே சரியாக ஒரு சுற்று முன்னால் பாட்டின் நிழல் விழுகிறது. இடைவெளி 1.8 விநாடியாக இல்லையென்றால் குற்றவாளி டேப். சுருளில் ஒரு அடுக்கின் காந்தப் பதிவு அடுத்த அடுக்கில் லேசாக ஒட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்த நிழலைத்தான். எறியாதீர்கள். ஒலி தட்டிலிருந்து எடுத்ததா, டேப்பிலிருந்து எடுத்ததா என்று நாளைக்கு யாராவது கேட்டால் அது சாட்சி சொல்லும்.

78 தட்டுக் காலத்தில் பாடகர் நடுவில் தப்பு விட்டால் என்ன செய்தார்கள்? (தேரூர் ஆசிரியை)

முதலிலிருந்து பாடினார்கள், டீச்சர். வேறு வழியே இல்லை. கனமான மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டிய பதிவு அது. வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. போட்டுக் கேட்டால் மெழுகு வரி கெட்டுப்போகும். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான். விடிய விடிய வில்லடிக்கும் ஊரிலிருந்து போன கலைஞர் அதற்குள் கதையை முடித்தாக வேண்டும்!

1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் இப்படித்தான் மெழுகுத் தட்டுக்காகப் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். கேட்பவர்கள் பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நினைப்பார்கள். காரணம் வேறு. மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் அச்சாகி வரும். அங்கே லேபிள் ஒட்டுகிறவருக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா?

ஒரு பாட்டை இரண்டு மூன்று டேக் எடுத்து வைப்பதும் உண்டு. சில சமயம் ஒரே விற்பனை எண்ணில் வெவ்வேறு டேக் வெளிவந்துவிடும். லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவில் உள்ள வழவழப்பான இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பொறித்த எண்கள் தெரியும். அவை வேறுபட்டால் பாடலும் வேறுபடலாம். "இது ஏற்கெனவே வீட்டில் இருக்கே" என்று இரண்டாவது பிரதியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கலைவாணர் தட்டில் பாட்டுக்கு நடுவே சிரிப்பு வருகிறதே, அடக்க முடியாமல் வந்ததா? (ஒழுகினசேரி வாசகர்)

அவர் பிறந்த ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! 1956-இல் வந்த 'ராஜா ராணி'யில் சிரிப்பின் வகைகளையே ஒரு பாட்டாக்கிப் பாடியவர் என்.எஸ்.கே. எந்தச் சிரிப்பு எந்தத் தாளத்தில் விழ வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அடக்க முடியாத சிரிப்பு வேண்டுமென்றால் 'தி போலீஸ்' குழுவின் 'ரொக்ஸான்' (1978) கேளுங்கள். பாடகர் ஸ்டிங் தெரியாமல் பியானோ மேல் உட்கார்ந்துவிட்டார். கட்டைகள் அலறின, அவர் சிரித்தார். இரண்டையும் அப்படியே வெளியிட்டார்கள்.

வெளிநாட்டில் இன்னும் பெரிய தப்புகள் உண்டா? (மார்த்தாண்டம் வாசகர்)

'லூயி லூயி' (1963) கேளுங்கள். கிட்டார் முடிந்ததும் கிங்ஸ்மென் குழுவின் பாடகர் அவசரப்பட்டு நுழைந்து, சட்டென்று நிறுத்தி, மறுபடி நுழைகிறார். பாட்டு உலகம் சுற்றியது. பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்' (1967) வேகமும் சுருதியும் வேறான இரண்டு டேக்குகளை ஒட்டியது. ஒட்டு ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் வரும். தெரிந்துகொண்டு கேட்டால்தான் பிடிபடும்.

நம்மூர் கே.வி.மகாதேவன் பாட்டுகளில் பிழையே கிடையாதா, அண்ணாச்சி? (கிருஷ்ணன்கோவில் வாசகர்)

1918-இல் உங்கள் கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவரைப் பற்றி உங்களிடமே நான் சொல்கிறேன்! பாடகரும் வயலின்காரர்களும் தபலாவும் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவான காலம் அவருடையது. ஒருவர் தவறினால் அத்தனை பேரும் மறுபடி ஆரம்பத்துக்குப் போக வேண்டும். அதனால் பெரிய பிழைகள் தட்டுக்கு வருவதில்லை. பாடகர் மூச்சு இழுப்பது போன்ற சின்னச் சின்ன ஓசைகள் வந்துவிடும். அவற்றைக் கேட்கத்தான் நான் நல்ல பிரதியாகத் தேடுகிறேன்.

அவர் இசையமைத்த 'அடிமைப் பெண்' (1969) படத்தின் டூயட் நினைவிருக்கும். ஒத்திகை முடிந்த நிலையில் இளைஞர் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு டைஃபாய்டு. வேறு பாடகரை வைத்து முடித்திருக்கலாம், எம்.ஜி.ஆர். அந்தப் பையன் குணமாகும் வரை காத்திருந்தார். நம் காதுக்குக் கிடைத்தது அந்தப் பொறுமை.

குரல் அலைபோல ஏறி இறங்குகிறது. (குளச்சல் வாசகர்)

நடு ஓட்டை நடுவில் இல்லை. ஊசிக்கை பக்கவாட்டில் ஆடுகிறதா பாருங்கள். அச்சுக்கூடத்தில் நேர்ந்தது, ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்க வேண்டாம்.

பழைய வில்லுப்பாட்டுத் தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இரைச்சலைச் சுத்தமாக எடுத்துவிடலாமா? (தக்கலை வாசகர்)

முதலில் எதையும் தொடாமல் ஒரு பிரதி: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். அதைப் பூட்டி வையுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் அதன் நகலில்தான். 'டிக்' எடுக்கும் மென்பொருளுக்குக் கீறலும் தெரியாது, கட்டையும் தெரியாது; கூர்மையான ஓசை எதுவானாலும் அதற்குக் குப்பை. ஜால்ராவின் முனையையும் கட்டையின் தட்டையும் அது மழுங்கடித்துவிட்டால் மிஞ்சுவது வில்லுப்பாட்டு இல்லை. ஊசியும் முக்கியம்: 78-க்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முனை வேண்டும், எல்.பி.க்கு 25 போதும். மெல்லிய ஊசி 78 வரியின் அடியில் கிடந்து அழுக்கைத்தான் பாடும்.

துடைக்க ஸ்பிரிட் போடலாமா? (அதே வாசகர்)

78-க்குக் கூடவே கூடாது! அது அரக்குத் தட்டு, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். லேபிள் நனையாமல், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, மெல்லிய துணியால் வரியின் போக்கிலேயே துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள்.