உருளைக்கிழங்கும் உலக சினிமாவும்

உலக சினிமாவுக்கு விமர்சனம் எழுத விரும்புகிறவர் முதலில் பழக வேண்டியது, வாயைத் திறக்காமல் கொட்டாவி விடுவது. அடுத்தது, உருளைக்கிழங்கை உற்றுப் பார்ப்பது.

பேலா தார் 2011இல் தந்த ‘தூரின் குதிரை’யில் ஓர் அப்பாவும் மகளும் ஆறு நாள் ஒரு வீட்டுக்குள் கிடக்கிறார்கள். வெளியே ஓயாத காற்று. சாப்பாடு ஆளுக்கு ஒரே ஒரு அவித்த உருளைக்கிழங்கு, கூட உப்பு. அப்பாவுக்கு ஒரு கை விளங்காது. மற்றக் கையால் சுடச்சுடத் தோலுரிப்பார். உரித்து முடிக்கிறவரை நமக்கும் விடுதலை கிடையாது.

திரைக்கதையில் லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய்க்கும் பங்குண்டு. படத்தில் காய்கறிக்குப் பஞ்சம் என்றால், அவர் நாவலில் முற்றுப்புள்ளிக்குப் பஞ்சம். ‘ஹெர்ஷ்ட் 07769’ முழுக்க ஒரே வாக்கியம். நடுவில் குக்கர் கூவினால் எழுந்து போகத் தோதான இடமே இல்லை. 2025இல் அவருக்கு நோபல் அறிவித்த மறுநாள் பார்த்தால், எனக்குத் தெரிந்த எல்லோரும் அவரைப் பல வருஷமாகப் படித்து வந்தவர்கள். என்னிடமும் ஒருவர் மதிப்புரை கேட்டார். வாக்கியம் முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

ஷாந்தால் அக்கர்மனின் ‘ழான் தீல்மான்’ (1975) மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும். 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் நடத்திய வாக்கெடுப்பில் விமர்சகர்கள் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள். பிரஸ்ஸல்ஸில் ஒரு விதவை; சமைப்பாள், துடைப்பாள், பள்ளிக்கூடம் போகும் மகனுக்குச் சாப்பாடு போடுவாள். பிற்பகலில் வீட்டுக்கு ஆண்கள் வந்து காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். பெரியம்மாவும் பார்க்க உட்கார்ந்துவிட்டதால் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். நல்லவேளை, முதல் இரண்டு நாளும் அக்கர்மனே கதவைச் சாத்தி நம்மை வெளியே நிறுத்திவிடுகிறார்.

நான் நோட்டில் ‘காலத்தின் அடர்த்தி’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது பெரியம்மா பதறினார்.

“அடுப்புல கிழங்கு கிடக்கேடா! இவ எப்ப வருவா?”

அவள் வந்தபோது கிழங்கு குழைந்துபோயிருந்தது. பாத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். அவள் ஒழுங்கு குலைவது இங்கேதான் தெரிகிறது என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு அது கேஸ் அணையாதபோதே தெரிந்துவிட்டது.

“அவளுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல. நேத்து இப்படி விட்டாளா? சரி, மசிச்சா போண்டாவுக்கு ஆகுமே, ஏன் கொட்டுறா?”

போண்டாவைத் தவிர மீதியெல்லாம் பத்திரிகைக்கு உதவும் சரக்கு. ஆனால் உள்ளபடி எழுதினால் விமர்சகன் என்று யார் மதிப்பார்கள்? ‘அன்றாடத்தின் இருத்தலியல் விரிசல்’ என்று தலைப்பிட்டு நாலு பக்கம் அனுப்பினேன். அச்சில் வந்தது. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே. இதையும் ஒருநாள் போட்டுக் காட்டேன், பார்ப்போம்.”