வெயிலுக்கு டிக்கெட்

சிகாகோவில் ஜனவரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதும் கல்லல் ஊர்ப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே ஆராய்ச்சி: கான்கூனா, மியாமியா, மாலத்தீவா? வேண்டியது இதமான வெயிலும் கொஞ்சம் மணலும். அதே வெயில் கல்லல் வீட்டு முற்றத்தில் இலவசமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. வீடுதான் பூட்டிக் கிடக்கிறது.

பாட்டையா பர்மாவுக்குக் கப்பலேறியது கொண்டுவிற்க. பேரன் கடற்கரைக்குப் பறப்பது, கொண்டுபோனதைக் கரைக்க. கடல்தான் வேண்டுமென்றால் தொண்டி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே உச்சிவெயிலில் மணலில் மல்லாந்து கிடந்தால், "யார் பெத்த பிள்ளையோ!" என்று ஊர்கூடி முகத்தில் தண்ணீர் தெளித்துவிடும்.

தைப் பனிக்கு மப்ளர் சுற்றிய ஆச்சி வீடியோ காலில் கேட்டார்: "காசு குடுத்து வெயில்ல காயப் போறியே அப்பு, நீ என்ன வத்தலா?"