ஞானப் பல் எடுக்கவிருப்போரின் கனிவான கவனத்திற்கு

பல்லை எடுப்பது டாக்டரின் பொறுப்பு. அவர் அதற்காக ஐந்து வருஷம் படித்திருக்கிறார். வாய் அறுவை சிகிச்சை நிபுணர் என்றால் மேலும் மூன்று வருஷம். எடுத்த பிறகு அந்தக் குழியை வீட்டுக்கு வருகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. அதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்துவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி.

முதலில் செய்ய வேண்டியது, தள்ளிப்போடுவது. ஞானப் பல் பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கிறது. சிலருக்கு நான்கும் ஒழுங்காக வந்துவிடும். சிலருக்கு ஒன்றுகூட முளைக்காது. இந்த இரண்டு வகையினரும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். மிச்சமிருக்கிற நமக்கு அது அன்ரிசர்வ்ட் பெட்டியில் கடைசியாக ஏறிய ஆள் மாதிரி, உட்கார இடமில்லாமல் முன்னால் இருக்கிறவர் தோளில் சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் குறுக்கே படுத்தும் விடுகிறது. பாதி வெளியே, பாதி உள்ளே. வெளியே வந்த பாதியின் மேல் ஈறு ஒரு மடலாகக் கிடக்கும். அந்த மடலுக்குக் கீழே முந்தாநாள் சாப்பிட்ட கீரை இருக்கும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமி சேர்ந்து ஈறு வீங்கும், வாய் முழுதாகத் திறக்காது, காது வரைக்கும் குத்தும்.

இந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போவது அனுபவமில்லாதவர்கள் செய்கிற காரியம். நீங்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போங்கள். "அண்ணே, பல்லு வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்றால் அவர் அட்டையைக் கத்திரிக்கோலால் வெட்டி, ஒரு சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். இரண்டு நாளில் வலி போய்விடும். பல் அங்கேயேதான் இருக்கும். தீபாவளி முறுக்கு முடியட்டும், பொங்கல் கரும்பு முடியட்டும் என்று இதை வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வது என்றொரு முறையும் உண்டு. அது ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும். பிறகு வலி பல்லிலா புண்ணிலா என்று நீங்களே குழம்பிப்போவீர்கள்.

எல்லாப் பண்டிகையும் தீர்ந்த பிறகு டாக்டர் ஓ.பி.ஜி. எடுத்துவரச் சொல்வார். மோவாயை ஒரு மேடையில் வைத்து, ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றால் இயந்திரம் உங்கள் தலையைச் சுற்றி வந்து எல்லாப் பல்லையும் ஒரே படத்தில் பிடித்துக் கொடுக்கும். டாக்டர் அதில் தேடுவது கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். பல்லின் வேர் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் முகம் மலரும் அல்லது சுருங்கும். இதே படத்தை வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் சித்தப்பா என்ன தேடுகிறார் என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் "இது ஆபரேஷன் கேஸ்" என்பார். படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட வேண்டாம். போட்டுவிட்டீர்களா? சரி, அத்தை வருகிறார்.

"மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிடும்னு சொல்வாங்களே?" என்பதுதான் அத்தையின் முதல் கேள்வி. பார்வைக்கான நரம்பு மூளையிலிருந்து கிளம்பும் 2-வது ஜோடி, பல்லுக்கான நரம்பு 5-வது ஜோடி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று நீங்கள் விளக்கலாம். "உங்க மாமாவுக்குப் பல்லு எடுத்த மறுமாசமே கண்ணாடி போட்டாங்க" என்று பதில் வரும். மாமாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அந்த வயதில் பல் இருக்கிறவர்களும் கண்ணாடி போடுகிறார்கள். இதைச் சொல்லாதீர்கள். அத்தைகளோடு வாதாட வேண்டிய நாள் இனிமேல்தான் வருகிறது, அதற்குச் சக்தியைச் சேமித்து வையுங்கள்.

நாள் குறிப்பது தனிக் கலை. டாக்டருக்கு வசதியான நாளெல்லாம் அஷ்டமியாகவோ நவமியாகவோ இருக்கும். செவ்வாய்க்கிழமை கத்தி படக் கூடாது. மிச்சமிருக்கும் நாளில் அவர் கொடுக்கும் நேரம் ராகு காலம். இவற்றையெல்லாம்விட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. வீக்கம் இரண்டாவது மூன்றாவது நாளில்தான் உச்சத்துக்குப் போகும். வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சித்தி மகள் ரிசப்ஷனுக்குப் போனால், மேடையில் ஒரு கன்னம் மட்டும் புடைத்து நிற்கும் உங்கள் படம் அந்த ஆல்பத்தில் காலத்துக்கும் இருக்கும். ரிசப்ஷனுக்குப் போகாமல் இருப்பதுதான் நோக்கம் என்றால் வியாழக்கிழமை மிகச் சிறந்த நாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது, எல்லாவற்றையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்தப்பா சொல்லியும் நிறுத்தாதீர்கள்.

துணைக்கு ஒருவர் போதும். கூட்டம் சேர்ந்தால் இந்தக் காரியம் கெடும் என்பதற்குச் சரித்திரச் சான்று இருக்கிறது. 1844 டிசம்பர் 11-ம் தேதி, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துப் பல் டாக்டர் ஹொரஸ் வெல்ஸ், சிரிப்பூட்டும் வாயுவை உள்ளே இழுத்துக்கொண்டு தன்னுடைய கடைவாய்ப் பல்லையே ஜான் ரிக்ஸ் என்ற சக டாக்டரை விட்டுப் பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. உற்சாகமாகி, 1845 தொடக்கத்தில் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் கூடியிருந்த அவையில் வேறொருவருக்குச் செய்து காட்டினார். அந்த ஆள் நடுவில் கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் பித்தலாட்டம் என்று கூச்சல் போட்டார்கள். நாலு பேர் இருக்கும்போது பலித்த அதே வித்தை அவை நிறைந்ததும் பலிக்கவில்லை. வெளியே பெஞ்சில் நம் வீட்டார் ஆறு பேர் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் அந்த பாஸ்டன் கூட்டத்தை நினைவூட்டும்.

நாற்காலியில் நடப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அதில் கலந்திருக்கும் அட்ரினலினால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கலாம். உதடு தடித்துவிட்டதாகத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் அளவாகத்தான் இருக்கும். ஊசி வலியைக் கொல்லும், அழுத்தத்தைக் கொல்லாது, சத்தத்தையும் கொல்லாது. குறுக்கே படுத்த பல்லை முழுசாக இழுக்க முடியாதென்று துண்டு போட்டு எடுப்பார்கள். அந்தச் சத்தம் உங்கள் மண்டைக்குள்ளிருந்தே கேட்கும். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று சொல்லியிருப்பார்கள். வலிக்காதபோதும் ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொள்வது மனதுக்குத் தைரியம்.

பிறகு தையல். பிறகு பஞ்சு. முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். பேசக் கூடாது. இந்த முக்கால் மணி நேரத்தில்தான் ஊரே உங்களோடு பேசும். ஆட்டோக்காரர் தன் மச்சானுக்குப் பல் எடுத்தபோது தாடை கழன்ற கதையைச் சொல்வார். பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே நிறுத்தி, எவ்வளவு ஆச்சு என்று கேட்பார். தலையாட்டினால் போதாது, அவருக்குத் தொகை வேண்டும். விரலைக் காட்டாதீர்கள், ஆயிரமா பத்தாயிரமா என்ற ஆராய்ச்சி தெரு முனை வரை போகும். வலி மாத்திரையை மரப்பு விடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மரப்பு இருக்கும்போது சூடான காபி வேண்டாம், உதடு வெந்தால்கூடத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு சின்னக் கட்டியாக நிற்கும். கீழே இருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் மூடி அதுதான். அது நின்றால் புண் ஆறும். அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும், உயிர் போகிற வலி வரும். அது எப்படிப் பெயரும்? உறிஞ்சினால் பெயரும். துப்பினால் பெயரும். முதல் நாளே வாய் கொப்பளித்தால் பெயரும். புகை பிடித்தால் பெயரும். உங்களைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் இந்த நான்கில் ஒன்றையாவது உங்கள் நன்மைக்காகச் செய்யச் சொல்வார்கள்.

"ரத்தத்த முழுங்காதே கண்ணு, துப்பு" என்று பாட்டி கிண்ணத்தை நீட்டுவார். எச்சிலோடு கலந்த கொஞ்சம் ரத்தம் பார்க்க நிறையத் தெரியும். முதல் நாள் எச்சில் சிவப்பாக இருப்பது சாதாரணம். விழுங்கிவிடுங்கள். கிண்ணத்தை மட்டும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "உப்புத் தண்ணி கொப்பளிச்சியா?" என்று பெரியம்மா கேட்பார். கேள்வி சரி, நாள் தப்பு. இருபத்துநாலு மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டு, வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்துவிட்டு, தானாக வழிய விட வேண்டும். அத்தை இளநீர் வாங்கி வருவார், ஸ்ட்ராவோடு. இளநீர் நல்லது, ஸ்ட்ரா ஆகாது. டம்ளரில் ஊற்றி நம் ஊர் வழக்கப்படி அண்ணாந்து குடித்தால் உறிஞ்ச வேண்டியதில்லை. எச்சில் படக் கூடாதென்று முன்னோர் வைத்த முறை இங்கே வைத்தியத்துக்கும் பொருந்துகிறது. என்ன, மரத்த உதட்டோடு அண்ணாந்தால் பாதி சட்டைக்குப் போகும். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

ஐஸ் ஒத்தடம் பெரிய போர். முதல் நாள் கன்னத்தில் வெளிப்பக்கம் துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு வைக்கச் சொல்லியிருப்பார் டாக்டர். "ஐஸா? சளி பிடிச்சு மார்ல கட்டிக்கும். தவிட்ட வறுத்து ஒத்தடம் குடுங்க" என்று ஒரு கட்சி கிளம்பும். ஐஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுங்கள். சூட்டு ஒத்தடம் வீக்கம் நிலைத்த பிறகு உதவும், எனவே அந்தக் கட்சியை விரோதித்துக்கொள்ளாமல் இரண்டு நாள் தவணை கேளுங்கள்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு குறையுமில்லை. குழைந்த சாதம், மோர், ஆறிய ரசம், இடியாப்பம், பாலில் ஊறிய இட்லி, ராகிக் கூழ் என்று பல் இல்லாமல் வாழ்வதற்கான ஏற்பாடு இந்தச் சமையலில் முழுமையாக இருக்கிறது. டாக்டர் சொன்னது ஐஸ்கிரீம் என்பதை மட்டும் வீட்டுக் குழந்தைகள் காதில் படாமல் வையுங்கள். மற்ற பக்கத்தால் மெல்லுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். டாக்டர் கொடுத்த சீட்டில் மெட்ரோனிடசோல் இருந்தால் மதுவுக்கு முழு விடுமுறை; வீக்கத்தைப் பார்த்து மனம் இளகி வரும் நண்பனிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகரெட் பற்றி முன்பே சொன்னேன். "ஒரே ஒரு இழுப்பு" என்பதும் உறிஞ்சல்தான்.

மூன்றாம் நாள் கண்ணாடியில் தெரிகிறவரைக் கண்டு பயப்பட வேண்டாம். வலி குறைய வேண்டிய அந்த மூன்றாம் நான்காம் நாளில் திடீரென்று ஏறி, காதுக்குப் பரவி, வாயில் துர்வாடையும் வந்தால் கட்டி பெயர்ந்துவிட்டது என்று பொருள். டாக்டரிடம் ஓடுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலும், காய்ச்சல் வந்தாலும், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தாலும், உதட்டின் மரப்பு மறுநாளும் விடாவிட்டாலும் அப்படியே. பெயர்ந்த குழியைக் கழுவிவிட்டு டாக்டர் ஒரு மருந்தை உள்ளே அடைப்பார். நீங்கள் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்ததும் வீடு முழுக்கக் கிராம்பு வாசனை அடிக்கும். அந்த மருந்தில் யூஜினால் இருக்கும்; கிராம்பு எண்ணெயின் சாரம் அதுதான். "நான் மொத நாளே சொன்னேன், லவங்கத்த வெச்சுக் கடிடான்னு" என்பார் பாட்டி. முதல் நாள் கடித்திருந்தால் கட்டி அன்றைக்கே போயிருக்கும் என்பது உண்மை. சொல்லிப் பிரயோஜனமில்லை. அவருக்குக் கிடைத்த இந்த வெற்றி இன்னும் பத்து வருஷத்துக்கு எல்லாக் கல்யாணத்திலும் சொல்லப்படும்.

ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். அதற்குள் வருகையாளர்களும் குறைந்துவிடுவார்கள். குழி மட்டும் சில வாரம் இருக்கும், உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்காகும். அதுவரை ரவை, எள், மாதுளை விதை எல்லாம் அங்கே குடியேறும். டாக்டர் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சைக் கொடுத்து, எந்த நாளிலிருந்து எப்படித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும் என்று காட்டியிருப்பார். குச்சியையோ ஊக்கையோ விட்டு நோண்ட வேண்டாம். மிக மோசமான குடித்தனக்காரர் கடுகு. வழவழவென்று உருண்டு உள்ளே போய்விடும், மூன்று சிரிஞ்சு தண்ணீருக்கும் அசையாது. ஆகவே கொஞ்ச நாளைக்குக் கடுகு தாளிக்காத சட்னி வேண்டுமென்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

"தாளிக்காம எப்படிடா சட்னி? வேணும்னா கடுக நல்லா பொரிய விட்டுப் போடறேன், வெடிச்சதுன்னா மெத்துனுதான் இருக்கும்."