பிளஸ் எது, மைனஸ் எது?

புக்கிட் தெங்காவில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு காடிகள் நிற்கின்றன. ஒன்று, இங்கிலாந்தின் அபிங்டனில் 1966இல் பிறந்த என் எம்ஜிபி. மற்றது என் மனைவியின் பெரோடுவா மைவி. பக்கத்து வீட்டார் வந்து பார்ப்பது முன்னதை. ஊருக்குப் போக எல்லாரும் ஏறுவது பின்னதில், நான் உட்பட.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் வேகம் என்று நம்பித்தான் வாங்கினேன். 1798 சிசி, இரட்டை கார்புரேட்டர், 95 குதிரைச் சக்தி என்று ஒருநாள் அளந்துகொண்டிருந்தேன். "ஏங்க, என் மைவி ஒன்றரை லிட்டர்தானே, இதுக்கு 102ன்னு போட்டிருக்கே?" என்றாள் மனைவி. அதோடு சரி, எங்கள் வீட்டில் குதிரைப் பேச்சே கிடையாது.

எம்ஜிபியில் உட்கார்ந்தால் பக்கத்து லாரிச் சக்கரத்தின் நட்டுகளை எண்ணலாம். ஜூரு டோலில் கார்டைத் தொடவைக்க சீட்டில் முட்டிபோட்டு எழ வேண்டும். பின்னால் நிற்பவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் ஹாரன் அடித்ததில்லை. மழை வந்தால் கூரையை மூட எனக்குப் பத்து நிமிடம் ஆகும். பினாங்கு மழைக்கு நம்மை நனைக்க ஒரு நிமிடம் போதும்.

ஆசைப்பட்டு புது ரேடியோ ஒன்றை நானே மாட்டினேன். பாட்டு வரவில்லை, புகை வந்தது. பட்டறை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் காலத்துக் காடிகளில் பேட்டரியின் மைனஸ்தான் பாடியோடு சேரும். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பிளஸ் சேரும். போதாததற்கு, பேட்டரியும் ஒன்றல்ல. சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட்டில் இரண்டு. "மைவியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணுறதா இருந்தா, ரெண்டு காடியும் ஒன்னையொன்னு தொடக் கூடாது தம்பி" என்றார். மாமியார் மருமகளுக்குச் சொல்கிற மாதிரியே இருந்தது.

இத்தனைக்கும் பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? டுரியானுக்காக. மைவிக்குள் டுரியான் ஏறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கண்ணாடியை ஏற்றி ஏர்கோன் போட்டால் வாசம் ஒரு வாரம் குடியிருக்கும். திறந்த எம்ஜிபியில் அந்தப் பிரச்சினையே இல்லை. பழக் காலத்தில் பதின்மூன்றரை கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைக் கடந்து, தெலுக் பாஹாங் வழியாக மலை வளைவுகளில் ஏறி இறங்கி பாலிக் புலாவ் போவேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் காடிக்கு வயசு பத்து குறையும், எனக்கும்தான். திரும்பும்போது வாசமெல்லாம் பின்னால் வருகிறவருக்கு.

என்ன, கடையில் நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்பதுதான் கேள்வி. ஜூலையில் பாலிக் புலாவ் பக்கம் ஒரு சிவப்புக் காடியும் பக்கத்தில் அசடு வழிய ஒரு ஆளும் நின்றால், இறங்கி ஒரு தள்ளு தள்ளிவிடுங்கள். கூலியாக ஒரு பழம் உண்டு.