முனையத்து வைத்தியர்

வட்டாரத்துக்கு ஒரு ஜோசியரும் ஒரு நாட்டு வைத்தியரும் முன்னாளில் இருந்ததைப்போல, இக்காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு லினக்ஸ் தெரிந்தவர் ஒருவர் வாய்த்துவிடுகிறார். எங்கள் குடியிருப்பில் அப்பதவியை வகிப்பவர், மூன்றாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே ஓடும் டெர்மினல் என்னும் முனையத்தைவிட்டு அவர் கண் அகல்வதில்லை. மவுஸைத் தொடுவது ஆசாரக் குறைவு என்பது அவருடைய சித்தாந்தம். காபி ஆறிவிட்டதே என்று யாரேனும் சொன்னால்கூட, 1969-இல் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் ஜனித்த விருத்தாந்தத்திலிருந்துதான் பதிலைத் தொடங்குவார்.

இந்த இனத்தாரின் பிரதான லக்ஷணம், நோயாளியைக் காட்டிலும் நோயின்மீது வைத்திருக்கும் வாஞ்சை. என் மகளின் கல்யாணப் படங்கள் அடங்கிய ஹார்ட் டிஸ்க், கணினியில் செருகினால் தலைகாட்டவே மறுத்துவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பதைபதைத்து அவரை அழைத்துவந்தேன்.

"செருகினதும் ஏதாவது சத்தம் வந்ததா சார்?"

"டிக், டிக் என்று வந்தது."

அவர் முகம் மலர்ந்தது. டிமெஸ்க் என்னும் கட்டளையைத் தட்டி, இயங்குதளத்தின் கருவான கெர்னல் தனக்குத்தானே எழுதிவைக்கும் தினக்குறிப்பைத் திரையில் விரித்து, நாடி பார்க்கும் பாவனையில் கண்களைச் சுருக்கிக்கொண்டார். யு.எஸ்.பி. 2.0 வாயில் தரக்கூடிய 500 மில்லியாம்பியர் மின்சாரத்தை, நான் வாங்கிவைத்திருந்த ஹப் தன் நான்கு வாய்களுக்கும் பங்கிட்டுக்கொண்டிருக்க, உள்ளே தட்டைச் சுழற்றத் திராணியில்லாமல் டிஸ்க் தவித்துக்கொண்டிருந்ததாம். "பசி சார், வெறும் பசி!" என்று அதைப் பிடுங்கி, 900 மில்லியாம்பியர் கிடைக்கும் யு.எஸ்.பி. 3.0 வாயிலில் நேராகச் செருகினார். டிஸ்க் சுழன்றது.

சாதாரண மனிதன் இந்த இடத்தில் எழுந்து கைகழுவியிருப்பான். வைத்தியருக்கோ, வியாதி இவ்வளவு சீக்கிரம் குணமானதில் மனத்தாங்கல். எல்.எஸ்.பி.எல்.கே. என்று தட்டியபோது, ஒரு டெராபைட் என்று விற்ற டிஸ்க் 931 ஜிகாபைட் என்று காட்டியது கண்டு நான் திடுக்கிட்டேன். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதும் கணினி 1,024, 1,024-ஆக எண்ணுவதும்தான் வித்தியாசம் என்று விளக்கியதில் அரைமணி நேரம் கரைந்தது. அப்புறம் உள்ளிருக்கும் கோப்புகளை எட்டுவதற்காக டிஸ்க்கை மவுண்ட் செய்தால், படிக்கலாம், எழுதலாகாது என்று டிஸ்க் அடம்பிடித்தது. என் மகனுடைய மடிக்கணினி முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்துக்குப் போகும் சுபாவமுடையதாகையால், அதில் செருகிப் பிடுங்கிய டிஸ்க்கின் கணக்கு முடிக்கப்படாமல் கிடந்ததாம். "தூங்குகிறவன் வீட்டில் பாத்திரத்தை நகர்த்தலாமோ?" என்றவர், அந்த மடிக்கணினியிலேயே செருகி, அதை முறைப்படி அணைத்துவிட்டு வரும்படி மகனை அனுப்பினார். அதன்பின் டிஸ்க் இணங்கிற்று.

படங்களைப் பிரதி எடுத்தாயிற்று. டிஸ்க்கை விடுவிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆங்கில 'அன்மவுண்ட்' என்பதில் முதல் 'ன்'னை விழுங்கிவிட்டு 'யூமவுண்ட்' என்றே தட்டவேண்டும் என்ற சூக்ஷ்மத்தை உபதேசித்துவிட்டுத் தட்டினார். டிஸ்க்கை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாகக் கணினி மறுத்தது. உடனே வீடு முழுவதும் விசாரணை நடந்தது. படம் பார்க்கிறாயா என்று மகனையும், எதையாவது திறந்துவைத்தீர்களா என்று என்னையும் கேட்டவர், சமையலறையில் இருந்த என் மனைவியையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் எல்.எஸ்.ஓ.எஃப். என்ற கட்டளையைத் தட்ட, குற்றவாளியின் பெயர் திரையில் வந்தது. அவருடைய முனையமே அந்த டிஸ்க்கின் அடைவுக்குள் நின்றுகொண்டிருந்தது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடிய இடையனுக்கும் அன்று அவ்வளவு வெட்கம் வந்திருக்காது. ஒன்றும் பேசாமல் சி.டி. என்று இரண்டெழுத்தைத் தட்டி வெளியே வந்தார், டிஸ்க்கும் விடுபட்டது.

காசு கொடுத்தால் வாங்குகிறவர் அல்லர். மூன்று தம்ளர் காபியோடு திருப்தியடைந்தார். டிஸ்க் இன்றளவும் சௌக்கியமாக இருக்கிறது. ஹப்பை மட்டும், சற்றுப் பார்த்துத் தருகிறேன் என்று மேலே எடுத்துப் போனவர், இன்னும் திருப்பித் தரவில்லை.